டாஸ்க் மனேஜரில் ‘சேர்விஸ் ஹோஸ்ட்’ எழுபதுக்கு மேல. வைரஸா? உதவி வேணும்

உப்புவெளி கடை:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில சின்னதா ஒரு போட்டோகொப்பி, டைப்செற்றிங் கடை வச்சிருக்கிறன். இருக்கிறது ஒரே கொம்பியூட்டர். விண்டோஸ் 11, 8 ஜிபி றாம். ஒரு கிழமையா வேர்ட் திறக்கவே அரை நிமிஷம் எடுக்குது. காலமை போட்ட டேட்டா மத்தியானத்துக்குள்ள முடியுது. ஓடுற புரோகிராம்களைக் காட்டுற டாஸ்க் மனேஜரைத் திறந்தா ‘சேர்விஸ் ஹோஸ்ட்’ எண்டு வரிசையா எழுபதுக்கு மேல நிக்குது. திருத்த வந்தவர் எல்லாம் வைரஸ், அழியுங்கோ எண்டார். ஒண்டுக்கு ‘எண்ட் டாஸ்க்’ குடுத்தன். திரை நீலமாகி மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆயிட்டுது. உயர்தரப் பிள்ளை ஒருத்தியின்ர செயற்திட்டம் பாதியில போச்சு. பக்கத்தில நிண்ட அவவின்ர முகத்தைப் பார்க்க ஏலாம இருந்தது. என்ன செய்ய?

மலைக்காற்று:
தங்கச்சி, இனி ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ. எழுபது இருக்கிறது பிழையில்லை.

சத்தம், வைஃபை, அப்டேட், நேரம் பார்க்கிறது எண்டு விண்டோஸ் பின்னால செய்யிற வேலைகள் கனக்க; அதுகளைத்தான் ‘சேர்விஸ்’ எண்டுறது. அதில பெரும்பாலானவை டிஎல்எல் எண்ட புரோகிராம் துண்டுக் கோப்புகள். டிஎல்எல் தனிய ஓடாது, அதைச் சுமக்க ஒரு எக்ஸ்இ, அதாவது தானா ஓடக்கூடிய புரோகிராம் வேணும். அந்தச் சுமைகாரன்தான் எஸ்விசிஹோஸ்ட்; டாஸ்க் மனேஜர் ‘சேர்விஸ் ஹோஸ்ட்’ எண்டு காட்டுறது இதைத்தான். முந்தி ஒரு ஹோஸ்டுக்குள்ள பல சேர்விஸ்களை அடைச்சு வச்சிருந்தாங்கள். ஏழு வீட்டுக்கு ஒரே பியூஸ் மாதிரி. ஒண்டு பிழைச்சா எல்லாம் இருட்டு. 2017இல வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல றாம் இருந்தா பெரும்பாலான சேர்விஸ்களுக்குத் தனித்தனி ஹோஸ்ட். அதாலதான் இவ்வளவு நீள வரிசை.

இதில பாதுகாப்பும் இருக்கு. எல்லாச் சேர்விஸும் ‘லோக்கல் சிஸ்டம்’ எண்ட பெரிய அதிகாரத்தில ஓடுறதில்லை. பல ‘லோக்கல் சேர்விஸ்’, ‘நெட்வேர்க் சேர்விஸ்’ எண்ட குறைஞ்ச அதிகாரக் கணக்குகளில ஓடும். ஒண்டுக்குள்ள கள்ளன் புகுந்தாலும் முழு வீட்டுத் திறப்பும் அவன்ர கையில போகாது.

ஆனா இதே பேரைப் போட்டுக்கொண்டு வைரஸும் வரும். டாஸ்க் மனேஜரில ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போய், மேல தலைப்பில ரைட் கிளிக் பண்ணி ‘கமாண்ட் லைன்’ எண்ட நிரலைச் சேருங்கோ. உண்மையானது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற சிஸ்டம்32இலிருந்து ஓடும்; பின்னால ஒரு கோடும் ‘கே’ எழுத்தும், பிறகு குழுவின்ர பேரும் வரும். அப்பிடி இல்லாத வரி ஏதும் நிக்குதா எண்டு பாருங்கோ.

கிண்ணியா மாணவன்:
அக்கா, நானும் ஒண்டு சேர்க்கிறன். ‘யூசர் நேம்’ நிரலில உங்கட பேர் நிண்டா உடனே பயப்பட வேணாம். விண்டோஸ் 10 வந்த பிறகு சில சேர்விஸ்கள் பாவிக்கிறவரின்ர பேரிலேயே ஓடுது. இடத்தைத்தான் முதல் பார்க்க வேணும். எழுத்தையும் ஒவ்வொண்டா வாசியுங்கோ: எஸ், வி, சி. சில வைரஸ் வி, சி ரெண்டையும் இடம் மாத்தி வைக்கும்; ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம் போடும்.

உப்புவெளி கடை:
அண்ணா, தம்பி, பார்த்திட்டன். 72இல 71 சிஸ்டம்32இல. ஒண்டு மட்டும் என்ர யூசர் ஃபோல்டருக்குள்ள ‘ஆப்டேட்டா’வில இருக்கிற ‘ரோமிங்’ எண்ட ஃபோல்டரில நிக்குது. எழுத்து அச்சொட்டா அதே பேர்தான், ஆனா ‘கே’ இல்லை. பாஸ் பேப்பர் பிரிண்ட் எடுக்க வாற பிள்ளைகளின்ர பென் டிரைவில வந்திருக்குமோ?

மலைக்காற்று:
வந்திருக்கலாம். இப்பவே றவுட்டரை நிப்பாட்டுங்கோ. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’, அதில ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. திறந்திருக்கிறதை எல்லாம் முதல் சேவ் பண்ணுங்கோ. ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏற முந்தியே தேடும். கால் மணித்தியாலம் பொறுங்கோ.

உப்புவெளி கடை:
ஸ்கேன் அதைப் பிடிச்சு எடுத்திட்டுது. இப்ப அந்த வரி இல்லை, வேர்ட் உடனே திறக்குது. ஆனா டேட்டா இன்னும் கொஞ்சம் கூடத்தான் போகுது.

கிண்ணியா மாணவன்:
அது அப்டேட்டா இருக்கும் அக்கா. அப்டேட் சேர்விஸை நிப்பாட்டாதீங்க, ஓட்டைகளை அடைக்கிறதே அதுதான். நெட்வேர்க் செட்டிங்ஸில ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ஐ ஓன் பண்ணுங்க, அப்ப விண்டோஸ் டேட்டாவைக் குறைச்சுப் பாவிக்கும். ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ல அப்டேட்டை மற்றக் கொம்பியூட்டர்களோட பகிர்றதை ஓஃப் பண்ணுங்க. இன்னொண்டு, மெயில், பேங்க் பாஸ்வேர்ட் எல்லாத்தையும் போனிலிருந்து மாத்துங்க. அந்த வைரஸ் ஒரு கிழமையா நீங்க டைப் பண்ணினதைப் பார்த்திருக்கவும் கூடும்.

உப்புவெளி கடை:
மாத்திட்டன். ஸ்கேன் பண்ணி வச்சிருந்த அடையாள அட்டைக் கொப்பிகளையும் அழிச்சிட்டன். சனம் நம்பித் தந்தது, கடை மெஷினில கிடக்கவே கூடாது. இந்தக் கிழமை பென் டிரைவ் கொண்டு வந்த பிள்ளைகளுக்கும் கோல் எடுத்துச் சொல்லுறன். செயற்திட்டத்தை இண்டைக்குப் பின்னேரம் அவவோட இருந்து திரும்ப டைப் பண்ணிக் குடுக்கப் போறன், காசு இல்லாம.