புதுப்பிப்பு: 6 முதல் 9 வரை வாய்ப்பாடு

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகளுக்கு 6, 7, 8, 9 வாய்ப்பாடுகள் மனத்தில் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நல்ல முன்னேற்றம்!

தொடக்கநிலை இரண்டிலேயே 2, 3, 4, 5, 10 படித்தாகிவிட்டது. 3×7 தெரிந்தால் 7×3உம் தெரியும். இப்படித் திருப்பிப் போட்டுக் கழித்தால், 6×6 முதல் 9×9 வரை புதிதாகப் படிக்க வேண்டியவை பத்தே பத்துதான். அதைக் கேட்டதுமே அவள் முகம் தெளிந்துவிட்டது.

7×8தான் ரொம்பப் படுத்தியது. 7×4 இருபத்தெட்டு, அதை இரட்டித்தால் ஐம்பத்தாறு என்று அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் மறக்கவே இல்லை.

எம்ஆர்டி ரயிலில் போகும்போது பாட்டி கேட்பார், இவள் சொல்வாள். கடிகாரம் வைத்துக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டோம். அவசரப்படுத்தினால் தெரிந்ததும் வாயில் வருவதில்லை. 6×8 இன்னும் தடுமாறுகிறது.