அண்ணன் கோயில் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. என்ன சொல்லித் திரும்பக் கூப்பிடுவது?

கடலோரத் தங்கச்சி (கேள்வி)

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது, கத்தோலிக்கக் குடும்பம். அண்ணன் சின்ன வயதில் பூசையில் சாமியாருக்கு உதவுகிற பீடச்சிறுவன். தூபக்கலசத்தை அவன் ஆட்டுகிற ஆட்டலில் முன்வரிசைப் பாட்டிமார் இருமுவார்கள், அதில் அவனுக்கு ஒரு பெருமை. 2004-ல் அலுவலகத்தில் பழக்கமான இந்துப் பெண்ணை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். அப்போதிருந்த பங்குச்சாமியார், அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் சேர்ந்து ஜெபிக்கிற கூட்டம்) பத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அம்மாவிடம், "உன் மகனுக்கு இனிமேல் கோயிலில் வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று அழுததை அண்ணன் இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு மட்டும் வருவான், வாசலுக்கு வெளியே நிற்பான். நன்மை கொடுக்கிற நேரம் வந்தால் வண்டியை நகர்த்தி வைக்கப் போய்விடுவான். வருடா வருடம் அதே நேரத்தில்தான் அந்த வண்டி இடைஞ்சலாக நிற்கும்! வேடிக்கை என்னவென்றால், அண்ணிதான் வேளாங்கண்ணிக்குப் போனால் மெழுகுதிரி ஏற்றாமல் வரமாட்டார்.

அம்மாவுக்கு 79 வயது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தாலே போன் போட்டு, "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா" (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டியா) என்று ஆரம்பிப்பார். அவன் வைத்துவிடுவான். அம்மாவின் ஆசையும் நியாயம், அவன் கோபமும் நியாயம். நடுவில் நான். நான் என்ன பேசினால் சரியாக இருக்கும்?

மணல்மேடு

விட்டுவிடுங்கள். ஐம்பதை நெருங்குகிற ஆளைக் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுக்க முடியுமா? மனிதராக நல்லவராக இருக்கிறார் அல்லவா, அது போதும்.

ஓய்வுபெற்ற உபதேசியார்

தங்கச்சி, முதலில் அம்மாவை அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்லுங்கள். அதட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே வரிசை மாறிய கேள்வி. உங்கள் அண்ணன் நாளைக்கே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்கால் போட்டாலும், சாமியார் முதலில் கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்பார். கத்தோலிக்கர் ஒருவர் விதிவிலக்கு வாங்காமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் மட்டும் செய்துகொண்ட கல்யாணத்தை நம் திருச்சபைச் சட்டம் செல்லுபடியாக எடுத்துக்கொள்வதில்லை. அதைச் சரிசெய்துவிட்டால் பாவசங்கீர்த்தனமும் நன்மையும் தானாகத் திறக்கும்.

இன்னொன்று. அந்தச் சாமியார் சொன்னது தப்பு. இப்படிக் கல்யாணம் செய்தவர் சபையிலிருந்து விலக்கப்பட்டவர் இல்லை. பூசைக்கு வரலாம், ஜெபிக்கலாம், உள்ளே பெஞ்சில் உட்காரலாம். வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. இதை அண்ணனிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? 35 வருட வேலையில் நான் பார்த்தவரை, பாதிப் பேர் வராமல் இருப்பதற்குக் காரணம் "நம்மை வெட்டிவிட்டார்கள்" என்ற நினைப்புதான்.

சரிசெய்ய வழி இரண்டு. அண்ணிக்குச் சம்மதம் என்றால், ஆயரிடம் (பிஷப்) அனுமதி வாங்கி, சாமியார் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு இருவரும் சம்மதம் சொன்னால் போதும். மேளதாளம், பந்தல் எதுவும் வேண்டாம். சாயங்காலம் நாலு பேரோடு முடித்த கல்யாணங்களுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அண்ணி ஞானஸ்நானம் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அண்ணன்தான் தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளை அதில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அதை அண்ணிக்கும் தெரிவிப்பார்கள்.

"20 வருடம் குடும்பம் நடத்திவிட்டு மறுபடியும் எதற்குக் கல்யாணம்" என்று அண்ணி நினைத்தால், அதுவும் நியாயம்தான். அதற்குத்தான் திருச்சபைச் சட்டம் 1161 இருக்கிறது. அன்று கொடுத்த சம்மதத்தையே வைத்து, மறுபடி சொல்ல வைக்காமல், அந்தக் கல்யாணத்தை வேரிலிருந்தே செல்லுபடியாக்கலாம். ஆயரே கொடுக்கலாம். பல சாமியார்கள் இதைத் தாங்களாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

பதினேழு வருடம் கழித்து

நானும் அப்படி வெளியே நின்றவன்தான், காரணம் வேறு. என்னைத் திருப்பியது உபதேசம் இல்லை. அத்தானுக்குக் கண் ஆபரேஷன், வண்டி ஓட்டக்கூடாது. "ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலில் விட்டுட்டுப் போ மாப்பிள்ளை" என்றார். ஆறு வாரம் விட்டேன். ஏழாவது வாரம் மழை, அதனால் உள்ளே போனேன். (அத்தான் இன்றுவரை அதை மாதாவின் புதுமை என்கிறார். நான் மழை என்கிறேன்.)

எனக்கிருந்த பயம் ரொம்பச் சில்லறையானது. மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருந்திச் சொல்கிற ஜெபம்) மறந்துபோயிருந்தது. ஊர்ச்சாமியாருக்கு என் குரல் தெரியும். கடைசியில் தவக்காலத்தில் வெளியூர்ச் சாமியார்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்த அன்று, யாரென்றே தெரியாத ஒரு கிழவரிடம் போனேன். மந்திரம் மறந்துவிட்டது என்றதும், "நான் சொல்றேன், பின்னாலேயே சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் போனவனுக்கு ஒரு மாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமாக இருக்கக்கூடாது என்று போப் பிரான்சிஸ் 2013-லேயே எழுதியிருக்கிறார், அப்புறம்தான் படித்தேன்.

மணல்மேடு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், இழுக்கக்கூடாது. ஆனால் நகர்த்தி வைக்க வண்டியைச் சாக்காக வைத்துக்கொண்டு வருடா வருடம் வாசல் வரைக்கும் வருகிறவர் போதும் என்று இருப்பவர் இல்லை.

கடலோரத் தங்கச்சி

உபதேசியார் ஐயா, நேற்று அண்ணனிடம் பேசினேன். பாவசங்கீர்த்தனம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "அந்தச் சாமியார் அன்றைக்குச் சொன்னது தப்பாம்டா" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "யார் சொன்னா?" என்றான். நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். உள்ளே உட்காரலாம் என்ற இடத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னான். 1161 பற்றி அண்ணி பக்கத்திலிருந்து ஏதோ கேட்டார், சரியாகக் காதில் விழவில்லை.

இன்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "ஞானஸ்நான சர்டிபிகேட் ஊர்லதான வாங்கணும்?" வேறு எதுவும் இல்லை. அவனே வர வேண்டுமா, நான் போய் வாங்கலாமா?

ஓய்வுபெற்ற உபதேசியார்

நீங்களே போய்க் கேளுங்கள். பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், ஞானத்தகப்பன் ஞானத்தாய் பெயர் எழுதிக்கொண்டு போனால் பதிவேட்டில் தேடுவது சுலபம். அண்ணனிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதி வீட்டில் இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள். கல்யாணக் காரியத்துக்குப் புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள். ரெஜிஸ்டர் கல்யாணச் சான்றையும் அண்ணன் எடுத்து வைக்கட்டும். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், இன்றைக்கே போன் போட்டுவிடுவார்.