முதல் முறை ஸ்நார்கெலிங்: மகளோடு பயமில்லாமல் இறங்க எந்தக் கடற்கரை?

வேளச்சேரி அம்மா

வணக்கம். எனக்கு 41 வயது, மகளுக்கு 12. போன வருடம் இருவரும் ஒன்றாக வேளச்சேரி குளத்தில் நீச்சல் கற்றோம். இப்போது அவளுக்கு ஸ்நார்கெலிங், அதாவது மாஸ்க் போட்டுக் குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதந்து, கடலுக்குள் மீன் பார்க்க வேண்டுமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு வருடம் முன்பு ஒரு சுற்றுலாவில், படகில் கூட்டிப்போனவர்கள் மாஸ்க்கைக் கையில் கொடுத்து "இறங்குங்க மேடம்" என்றார்கள். இறங்கியதுமே மூக்கடியில் தண்ணீர் ஏறியது. பதற்றத்தில் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டேன். தொண்டை வரை உப்பு. படகுக் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தேன். மகள் முன்னால், அதைவிட மகளுக்கு, அப்படி நடக்கக் கூடாது.

மே முதல் வாரம் போகலாம் என்று நினைக்கிறோம். ரயிலில் போகிற தூரம், கால் ஊன்றி நிற்கிற ஆழம், அலை குறைவு. அப்படி எந்த இடம் இருக்கிறது? எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 4 என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈசிஆர் வாசி

நம்ம ஈசிஆர் கோவளம் இருக்கும்போது எதற்கு ரயில்? நீலக் கொடி சான்று பெற்ற கடற்கரை, சுத்தமாக இருக்கும். ஞாயிறு காலை போய்ப் பாருங்கள்.

மண்டபத்து மருமகன்

சகோதரி, கோவளம் நல்ல கடற்கரைதான், ஆனால் இதற்கு வேண்டாம். அலைச்சறுக்குப் பழக அங்கே ஏன் ஆட்கள் வருகிறார்கள்? அலை எழும்பி உடைவதால்தான். மெரினா, பெசன்ட் நகர், கோவளம் எல்லாமே வங்கக் கடலை நேருக்கு நேர் பார்த்த கரை. அலை உடைகிற இடத்தில் மணல் கிளம்பித் தண்ணீர் கலங்கும். மாஸ்க் போட்டுக் குனிந்தால் காப்பி நிறம்தான் தெரியும். இழுப்பு வேறு. சென்னையில் கடலில் முகம் வைத்துப் பழகுவதை விட்டுவிடுங்கள்.

நான் ராயபுரத்துக்காரன், மனைவிக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர். அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் விரிகுடா பெண் கடல். நடுவில் மண்டபம் முனையும் ராமேஸ்வரம் தீவும் சுவர் மாதிரி கிடக்கின்றன. தென்மேற்குக் காற்று பிடிக்கிற மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காற்று வந்தால் அப்படியே தலைகீழ். நீங்கள் போவது மே மாதம் என்பதால் வடக்குப் பக்கம்தான். பொங்கலுக்குப் போவதாக இருந்தால் தெற்கைச் சொல்லியிருப்பேன்.

முதல் நாள் அரியமான். மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், உச்சிப்புளி பக்கம். சவுக்குத் தோப்பு, மணல் தரை, வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். அங்கே பவளப்பாறை கிடையாது, மீன் கூட்டமும் பெரிதாக இருக்காது. அதனால்தான் சொல்கிறேன். முதல் நாள் வேலை மீன் பார்ப்பது இல்லை, குழாய் வழியாக நிதானமாக மூச்சு விடுவது. பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் அது சீக்கிரம் வரும். என் மனைவியின் தம்பி மகளுக்கு அங்கேதான் பழக்கினேன். அரை மணி நேரம் என் விரலை விடவே இல்லை. அப்புறம் மணலில் ஒரு நண்டு போவதைப் பார்த்தாள், தானாகக் கையை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே மிதந்துபோனாள்.

அது கைவந்தால் மறுநாள் ராமேஸ்வரம் தீவின் வடகரை. ஓலைக்குடா, சங்குமால் பக்கம் பவளப்பாறை உண்டு. அங்கே தனியாக இறங்காதீர்கள். உள்ளூர் ஆள் கூட இருக்க வேண்டும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம், காற்று ஏறுமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். பாறை மேல் கால் வைக்கவே வேண்டாம். உங்களுக்குக் கால் கிழியும், அதற்கோ உயிர் போகும். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. கடல் சூடேறி 2010, 2016 வருடங்களில் அந்தப் பகுதிப் பவளம் வெளுத்துப்போனது, மிச்சத்தை நாம் மிதிக்கக் கூடாது. தனுஷ்கோடிக்குப் பார்க்கப் போங்கள், குளிக்க இறங்காதீர்கள். நீரோட்டம் மோசம்.

சரி, உங்கள் மாஸ்க் விஷயம். அன்று நடந்தது உங்கள் தப்பு இல்லை, அது உங்கள் முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. ஒரு முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும், நெற்றி முடியை ஒதுக்குங்கள். மைனஸ் பவர் லென்ஸோடு தயாராகவே மாஸ்க் கிடைக்கிறது, ஸ்கூபா சாமான் விற்கும் கடையில் கேளுங்கள்.

வேளச்சேரிக் குளத்தில் அனுமதி கேட்டு, ஆழமில்லாத பக்கம் நின்றபடி வேண்டுமென்றே மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழே வெளியேறிவிடும். பத்து தடவை செய்யுங்கள். கடலில் தண்ணீர் ஏறினால் அப்புறம் பதறமாட்டீர்கள்.

அடையாறு ராத்திரி ஷிப்ட்

விமானம் பரவாயில்லை என்றால் அந்தமானில் நீல் தீவு, பரத்பூர் கடற்கரை. ஆழம் குறைவு, தண்ணீர் தெளிவு. படகுகள் அதிகம் என்பதால் கரையோரமாகவே இருங்கள். மே பிற்பாதியில் மழை பிடித்துவிடும். மற்றபடி முதல் தடவைக்கு மருமகன் அண்ணன் சொன்ன வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

வேளச்சேரி அம்மா

ரொம்ப நன்றி அண்ணா. இன்று கடையில் மூன்று மாஸ்க் வைத்துப் பார்த்தேன், மூன்றாவது ஒட்டி நின்றது. மகளுக்குச் சின்ன அளவு வாங்கினோம். இரண்டு பேரும் வாளித் தண்ணீரில் முகம் வைத்துப் பார்த்தாயிற்று, சனிக்கிழமை குளம். எழும்பூரிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தால் அரியமானுக்கு எங்கே இறங்குவது, ராமநாதபுரமா மண்டபமா?

மண்டபத்து மருமகன்

ராமநாதபுரத்தில் இறங்குங்கள் சகோதரி, அங்கே பஸ், ஆட்டோ, தங்கும் இடம் எல்லாம் சுலபம். மறுநாள் ராமேஸ்வரத்துக்கு ரயிலிலேயே போங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும்போது மகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் ஆண் கடல், இன்னொரு பக்கம் பெண் கடல். எது அலையடிக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.