ஹெச்ஆர் யாருக்காக வேலை பாக்குறாங்க?

ஓஎம்ஆர்வாசி:
எங்க டீம்ல ஒரு ஜூனியர் பொண்ணு, டீம் லீட் தர்ற பாலியல் தொல்லை பத்தி ஹெச்ஆர்கிட்ட நேர்ல போய் சொல்லிச்சு, மறுநாளே அந்த லீடுக்கு விஷயம் தெரிஞ்சிருச்சு. ஆள் எடுக்கறது, அனுப்பறது, பொங்கலுக்கு கோலப்போட்டி, இவ்ளோதானா ஹெச்ஆர்?

மில்காரர்:
தம்பி, 1948 ஃபேக்டரிஸ் ஆக்ட்லயே 500 பேர் வேலை பாக்குற ஆலைன்னா வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயம்னு வெச்சாங்க. தொழிலாளி குறைய கேக்கறதுதான் அவர் வேலையே. ஐடில அந்த நாற்காலியே இல்ல, அதான் பிரச்சனை.

முன்னாள் ஹெச்ஆர்:
அந்தப் பொண்ண, ஆபீஸ்ல பாலியல் தொல்லை புகார விசாரிக்கிற இன்டர்னல் கமிட்டிக்கு எழுத்துல கொடுக்க சொல்லுங்க ப்ரோ. 2013 பணியிட பாலியல் தொல்லை தடுப்புச் சட்டப்படி 10 பேர் இருந்தாலே கமிட்டி வேணும், தலைவர் சீனியர் பெண், வெளியாள் ஒருத்தர் கட்டாயம், கடைசியா சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், விசாரணை 90 நாள்ல முடியணும், யார் புகார் கொடுத்தாங்கன்னு வெளிய விடறதே தப்பு. என்னைக் கேட்டா புகார் விசாரணைய ஹெச்ஆர் கைலயே விடக்கூடாது, அவங்க இன்க்ரிமென்ட்டும் மேனேஜ்மென்ட் கையிலதான இருக்கு, எப்படி எதுத்து பேசுவாங்க?

ஓஎம்ஆர்வாசி:
ரொம்ப நன்றிங்க. கமிட்டில யார் யார்னு நோட்டீஸ் போர்டுல போடணும்ல, எங்க ஆபீஸ்ல பார்த்ததே இல்ல, நாளைக்கே கேக்கறோம்.