மறு: ‘வோல்டேஜ் டிராப்’ – ‘மின்னழுத்த வீழ்ச்சி’யா, ‘வழியிழப்பா’?

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் எழுதும் கார் வயரிங் கையேட்டுக்காக ‘வோல்டேஜ் டிராப்’ என்பதற்கு, அதாவது மின்சாரம் ஓடும்போது வயரிலும் இணைப்பிலும் வழியிலேயே போய்விடும் வோல்ட்டுக்கு, ‘வழியிழப்பு’ என்று நான் சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு வந்த ஆட்சேபங்களையும் மற்றப் பரிந்துரைகளையும் படித்தேன். பதில் சொல்வதற்கு முன், பட்டறையில் இந்தச் சொல் எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைப் பார்க்காமல் சொல் தேடினால் அது அகராதியோடு நின்றுவிடும்.

சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. இதை எங்கள் மதுரைப் பக்கத்து மெக்கானிக்குகள் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். ஒன்று, ‘செல்ஃப் எடுக்கலை’, அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரே சுற்றவில்லை. மற்றது, ‘செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை’. இரண்டாவது என்றால் எரிபொருள், ஸ்பார்க், கிராங்க் சென்சார் என்று தேடல் பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடும். நம் சொல்லுக்கு முக்கியமான வேலை முதல் வகையில்தான்.

ஒத்தக்கடைப் பட்டறை ஒன்றுக்கு வந்த பழைய டீசல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். வேறோர் இடத்தில் ஏற்கெனவே புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷும் மாற்றியாயிற்று. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடலுக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் (மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் சிறு பல்பு) வைத்தால் அதுவும் எரிகிறது. ‘எல்லாம் வருது, ஆனா எடுக்க மாட்டேங்குது.’

பட்டறைக்காரர் மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் வைத்தார். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் பக்க ஈயக் குமிழில் வைத்தார். குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் அல்ல, குமிழிலேயே. மீட்டர் சைபர் காட்டியது. பையனிடம் சாவியைத் திருப்பச் சொன்னார். 3.6 வோல்ட்! சாவியை விட்டதும் மறுபடி சைபர். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினுக்கு எர்த், அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, கொடுப்பது ஒரு பின்னல் பட்டைதான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், அந்தப் பட்டையில் பாதி இழைகள் அறுந்து தொங்குகின்றன, போல்ட்டுக்கு அடியில் துரு. பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்தபின் அதே சோதனையில் 0.1 வோல்ட். செல்ஃப் எடுத்துவிட்டது.

டெஸ்ட் லேம்ப் ஏன் ஏமாற்றியது? கணக்குப் போட்டால் தெரியும். கெட்டுப்போன இணைப்பின் மின்தடை 0.02 ஓம் என்று வையுங்கள். 5 வாட் பல்பு ஓடுவதற்கு 0.4 ஆம்பியர் போதும். 0.02 ஓமில் அது இழப்பது 0.008 வோல்ட், பல்புக்கு அது தெரியவே தெரியாது. அதே இணைப்பு வழியாகச் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்டால் 3 வோல்ட் போய்விடும். ஓம் 1827-இல் எழுதிவைத்த விதிதான், புதிதாக ஒன்றும் இல்லை. சரி, மீட்டரை ஓம் பக்கம் திருப்பி அந்த 0.02-ஐ நேராக அளக்கலாமே என்றால், சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கும். அதனால்தான் ஓட்டம் ஓடும்போது அளக்கச் சொல்கிறோம்.

அந்த 3.6 வோல்ட்டுக்குப் பெயர் வைப்பதுதான் நம் வேலை. இனிப் பரிந்துரைகள்.

> ‘மின்னழுத்த வீழ்ச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

பேராசிரியர் ஐயா சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தமிழில் ‘வீழ்ச்சி’ என்றால் நேற்று இருந்தது இன்று இல்லை என்ற பொருள்தான் முதலில் வருகிறது. விலை வீழ்ச்சி, ஆட்சி வீழ்ச்சி எல்லாம் காலத்தில் நடப்பவை. நாம் அளப்பது இடத்தில் இருப்பது: ஒரே நொடியில், வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள இடைவெளி. ‘மின்னழுத்த வீழ்ச்சியைப் பார்’ என்று சொன்னால் பையன் நேராக பேட்டரியின் இரண்டு டெர்மினலில்தான் மீட்டரை வைப்பான். அவன்மேல் தப்பில்லை, சொல் அவனை அங்கேதான் அனுப்புகிறது.

அந்தச் சொல்லுக்கும் இதே கையேட்டில் ஓர் இடம் இருக்கிறது. சார்ஜ் குறைந்த பேட்டரியில் சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்’ என்று விடாமல் அடிக்கும். சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு ஓட்டத்தை இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது. மோட்டார் ஓட்டத்தைக் கேட்டதும் பேட்டரியின் அழுத்தம் சரிகிறது. பிடித்துவைக்கும் சுருள் விட்டுவிடுகிறது. மோட்டார் விடுபட்டதும் அழுத்தம் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இதுதான் வீழ்ச்சி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று எழுதுவோம், ஐயா. வயரில் போவதற்கு வேறு பெயர் கொடுப்போம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு இடத்திலும் புழங்குகிறது என்பதற்காக நாமும் குழம்ப வேண்டியதில்லை.

> எங்கட பாடப் புத்தகத்தில ‘அழுத்த வித்தியாசம்’ எண்டுதான் படிச்சனாங்கள். அது போதாதோ?

இயற்பியலாகப் பார்த்தால் யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது முழுக்கச் சரி. தமிழ்நாட்டில் ‘மின்னழுத்த வேறுபாடு’ என்போம். ஆனால் பேட்டரியின் 12.6-உம் அழுத்த வித்தியாசம்தான், துருப்பிடித்த பட்டையின் 3.6-உம் அதேதான். முன்னது நமக்கு வேண்டியது, பின்னது வேண்டாதது. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

> ‘மின்கசிவு’ என்றால் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் புரியுமே அண்ணா.

புரியும் தம்பி, தப்பாகப் புரியும். கசிவு என்றால் மின்சாரம் போகக்கூடாத வழியில் போவது. இங்கே மின்சாரம் போகவேண்டிய வழியில்தான் போகிறது, ஆனால் திணறிக்கொண்டு போகிறது. ‘மின்கசிவு’ என்று எழுதினால் வயரின் மேலுறை எங்கே கிழிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

(‘இறக்கம்’ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ‘பேட்டரி இறங்கிருச்சு’ என்று சார்ஜ் தீர்ந்ததற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மோதும்.)

> பேரணையில தெறந்துவிடுற தண்ணி கள்ளந்திரி தாண்டி எங்க கடைமடைக்கு வர்றப்ப எவ்வளவு மிச்சம் இருக்கும்? அந்த மாதிரிதானே இதுவும். வழியில போறது.

மேலூர் அண்ணன் எழுதிய இந்த வரியில் இருந்துதான் ‘வழியிழப்பு’ என்ற சொல்லையே எடுத்தேன். பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்கு மேலே எவ்வளவு திறந்தார்கள் என்பது முக்கியமில்லை, தன் மடைக்கு எவ்வளவு வந்தது என்பதுதான் கணக்கு. செல்ஃப் மோட்டாரும் அப்படித்தான். பேட்டரியில் 12.6 இருந்து அதற்கென்ன?

ஆனால் அண்ணே, இந்த உவமை ஓர் இடத்தில் காலை வாரிவிடும். கால்வாயில் குறைவது தண்ணீரே. மண் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. வயரில் மின்னோட்டம் குறைந்து போய்ச் சேருவதில்லை. பேட்டரியில் இருந்து 150 ஆம்பியர் கிளம்பினால் மோட்டாருக்குள்ளும் அதே 150, எர்த் பட்டையிலும் அதே 150. வழியில் செலவாவது அதைத் தள்ளும் அழுத்தம் மட்டும்தான். அதோடு போகும் ஆற்றல் சூடாக மாறுகிறது. சந்தேகமாக இருந்தால் கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்துவிட்டு, பூத்துப்போன டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள், சுடும். இந்த வேறுபாட்டைக் கையேட்டில் சொல்லிவிட்டு வேண்டுமானால் கால்வாயைச் சேர்க்கலாம்.

> ‘இழப்பு’ என்றால் மின்திறன் இழப்பு, வாட்டில் அளப்பது. இங்கே வோல்ட் அல்லவா?

இதுதான் வந்த ஆட்சேபங்களிலேயே கனமானது. 3.6 வோல்ட்டும் 100 ஆம்பியரும் என்றால் இழக்கும் திறன் 360 வாட். ஆட்சேபம் எழுதியவர் அதைத்தான் ‘இழப்பு’ என்கிறார். ‘வழியழுத்த இழப்பு’ என்று வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் யார் வாயிலும் நுழையாது, அடுத்த நாளே ‘டிராப்’ திரும்பி வந்துவிடும். என் யோசனை: ‘வழியிழப்பு’ என்பதை வோல்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம், அலகோடு சேர்த்தே எழுதுவோம். வாட்டில் சொல்ல வேண்டிய இடத்தில் ‘திறனிழப்பு’ என்று முழுசாகச் சொல்வோம்.

‘வழியிழப்பு’ என்பதை ‘வழி தெரியாமல் போவது’ என்று படித்துவிடுவார்களோ என்று இரண்டு பேர் பயந்திருந்தார்கள். வழி தவறினான், வழி தப்பினான் என்போம். வழியிழந்தான் என்று யார் சொல்கிறார்கள்? விட்டுவிடலாம்.

அப்புறம், ‘செல்ஃப்’ என்பதையே ‘தொடக்கி’ என்று மாற்றச் சொன்னவருக்கு ஒரு வரி. 1912-இல் காடிலாக் காரில், கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தபோது, கைப்பிடி போட்டுச் சுற்றாமல் தானே சுற்றுவதால் அதை ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றார்கள். ஆங்கிலேயர் பின்னால் முன்பாதியை உதிர்த்துவிட்டார்கள். நாம் பின்பாதியை உதிர்த்துவிட்டு முன்பாதியைத் தமிழாக்கிக்கொண்டோம். செல்ஃப், எர்த், ஃபியூஸ், ரிலே எல்லாம் பட்டறையில் எந்தக் குழப்பமும் இல்லாமல் ஓடுகின்றன. அவற்றைத் தொட வேண்டாம். பெயர் இல்லாததால் ஒரு சோதனையே நடக்காமல் போகிற இடத்தில் மட்டும் கையை வைப்போம். ‘எர்த் லூஸ்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு லூஸ் என்று எண்ணில் கேட்பவர் குறைவு.

கையேட்டில் போக இருக்கும் பதிவு இது:

வழியிழப்பு – மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வயர், இணைப்பு அல்லது சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே மீட்டர் காட்டும் வோல்ட். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள், பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இன்ஜின் ஓடிவிடாதபடி எரிபொருளை நிறுத்திவைத்துவிட்டு அளக்கவும். சாவியைச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

இதில் ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்த சொல்லையும் இப்போதே போட்டுவிடுகிறேன்: வண்டியைப் பூட்டி நிறுத்தியபின் ராத்திரி முழுக்க பேட்டரியை உறிஞ்சும் ஓட்டம். ‘பேட்டரி லீக்’ என்கிறார்கள். ‘மின்கசிவு’ கொஞ்சம் பொருந்துகிறது. ஆனால் கடிகாரமும் அலாரமும் முறையாகவே சில பத்து மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்கின்றன, அதைக் கசிவு என்று சொல்ல முடியுமா? இரண்டையும் சேர்த்து ஒரு சொல்லா, இல்லை ஆளுக்கொரு சொல்லா?