திருமண உடன்படிக்கையில் "கீழ்ப்படிவேன்": மணமகள் சொல்லியே ஆகவேண்டுமா?

பொங்கோல்_மணமகள்
ஸ்தோத்திரம். டிசம்பரில் கல்யாணம், தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆராதனை. போதகர் தந்த முறைமையில் மாப்பிள்ளைக்கு "நேசிப்பேன், பராமரிப்பேன்" என்று இருக்கிறது. எனக்கு மட்டும் கூடுதலாக "கீழ்ப்படிவேன்". அதை எடுக்கச் சொன்னால் வேதத்துக்கு விரோதமா? பதிவில் சிக்கல் வருமா? "எல்லாரும் சொன்னதுதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள், காரணம் வேண்டும்.

தேக்கா_மூப்பர்
பதிவுக் கேள்வி சுலபம் சிஸ்டர். சிங்கப்பூரின் திருமணச் சட்டமான, 1961-இல் வந்த மாதர் சாசனம் திருமணம் நடத்திவைக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது உரிமம் உள்ளவர் நடத்திவைத்தாரா, இருவரும் மனமார சம்மதித்தார்களா, 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் இருந்தார்களா என்பதைத்தான். சபையில் எந்த வார்த்தை சொன்னீர்கள் என்பது அதற்குள் வராது. சொல்லப்போனால் அதே சாசனத்தின் 46ஆம் பிரிவு, குடும்பம் நடத்துவதில் இருவருக்கும் சம உரிமை என்கிறது.

உண்மையில் கோளாறு வருவது வேறு இடத்தில். ஊரிலிருந்து மாமா போதகரை வரவழைத்து நடத்திவைக்கச் சொல்வார்கள். அவருக்கு இங்கே உரிமம் இல்லையென்றால் அது ஆராதனை மட்டுமே, சட்டப்படி திருமணம் ஆகாது. அவர் பிரசங்கிக்கட்டும், நடத்திவைப்பது உரிமம் உள்ளவராக இருக்கட்டும். திருமணப் பதிவகத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பே அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள்.

அந்தச் சொல் வேதத்திலிருந்து நேராக வந்ததல்ல, 1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1928-இல் திருத்திய வடிவில் அதை எடுத்துவிட்டார்கள். பின்னாளில் அரசியான எலிசபெத் தம் கல்யாணத்தில் 1947-இல் அதைச் சொன்னார், இளவரசி டயானா 1981-இல் சொல்லவில்லை. கத்தோலிக்க முறையில் இருவருக்கும் ஒரே வாசகம்தான். குருத்துவம் ஆண்களுக்கு மட்டும் என்று 1994-இல் உறுதியாக அறிவித்த சபையின் முறை அது என்பதையும் கவனியுங்கள்.

எபேசியர்_வாசகன்
தமிழ் வேதாகமத்தில் மட்டும் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமலே போய்விடுகிறது. எபேசியர் 5:22-இல் மனைவிக்கும், 6:1-இல் பிள்ளைகளுக்கும், 6:5-இல் வேலைக்காரருக்கும் நம் மொழிபெயர்ப்பு "கீழ்ப்படி" என்ற ஒரே வினைச்சொல்லைப் போடுகிறது. கிரேக்கத்தில் அப்படி இல்லை. பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் "ஹுப்பாக்கூவோ", சொன்னதைக் கேட்டு நடப்பது. மனைவிக்கு "ஹுப்பொடாஸ்ஸோ", தன்னை ஒருவருக்குக் கீழாக அமைத்துக்கொள்வது. அதிலும் மிகப் பழைய சில பிரதிகளில் 22ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது. 21-இல் உள்ள "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதிலிருந்துதான் வினை வருகிறது. 22-இல் தொடங்கிப் பிரசங்கித்தால் ஒரு அர்த்தம், 21-இல் தொடங்கினால் வேறு அர்த்தம். 1 கொரிந்தியர் 7:4-ஐயும் பாருங்கள். சரீரத்தின்மேல் மனைவிக்கும் கணவனுக்கும் ஒரே அளவு அதிகாரம். அதை எந்தக் கல்யாணத்திலும் வாசிப்பதில்லை!

பழைய_பாதை
பிரதர் சொன்ன கிரேக்கம் சரி, முடிவு அரைகுறை. 1 பேதுரு 3:6-இல் சாராள் ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்தாள் என்ற இடத்தில் வருவது அதே "ஹுப்பாக்கூவோ". ஆகவே அந்தச் சொல் மனைவிக்கு வரவே வராது என்று வாதிட முடியாது. 5:23-இல் புருஷன் "தலை" என்பதும் அப்படியே நிற்கிறது. அங்கே தலை என்றால் மூலம், ஊற்று என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் 1:22-இல் கிறிஸ்து எல்லாவற்றுக்கும் மேலான தலை என்னும்போது அதிகாரம் என்றுதானே படிக்கிறோம்?

ஆனால் எங்கள் தரப்பிலும் ஒரு தப்பு நடக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கீழ்ப்படியச் சொன்ன கட்டளை மனைவியைப் பார்த்துச் சொன்னது. "உன் மனைவியைக் கீழ்ப்படியவை" என்று புருஷனுக்கு எங்கேயும் சொல்லப்படவில்லை. அவனுக்குச் சொன்னது 5:25, சபைக்காகக் கிறிஸ்து தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூருவது. மணமகள் வாக்கில் கீழ்ப்படிதலை வைத்துவிட்டு, மணமகன் வாக்கில் இதை வைக்காமல் விட்டால் அது பாதி எபேசியர்தான்.

எபேசியர்_வாசகன்
கடைசி வரிக்கு ஆமென். சாராளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: ஆதியாகமம் 21:12-இல் அவள் சொல்வதைக் கேள் என்று தேவன் ஆபிரகாமிடம் சொல்கிறார்.

பொங்கோல்_மணமகள்
நன்றி. போதகரிடம் இதை எப்படிக் கேட்பது?

தேக்கா_மூப்பர்
"எடுங்கள்" என்று தொடங்காதீர்கள், மாற்று வாசகத்தை எழுதியே கொண்டுபோங்கள். இரண்டு வழி உண்டு. ஒன்று, இருவருக்கும் ஒரே வாசகம். மற்றது, பழைய_பாதை சொன்னதுபோல உங்களுடையது அப்படியே இருக்க, மாப்பிள்ளை வாக்கில் "கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல" என்று சேர்ப்பது. ஆலோசனை வகுப்பின் முதல் வாரத்திலேயே கேளுங்கள், ஒத்திகையன்று அல்ல. வெளிநாட்டு வேலை வந்தால் யார் முடிவு, சம்பளம் ஒரே கணக்கிலா என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு இருவர் பெயரிலும் இருந்தால், யார் தலை என்று வாதாடினாலும் விற்க இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

போதகர் சம்மதித்தபின்தான் கவனமாக இருக்கவேண்டும். 1662 வழி வந்த முறைமையில் அந்தச் சொல் இரண்டு தடவை வரும்: முதலில் "கீழ்ப்படிவாயோ?" என்ற கேள்வியில், பிறகு நீங்கள் சொல்லும் வாக்கில். வாக்கை மட்டும் திருத்திவிட்டுக் கேள்வியை மறந்துவிடுவார்கள். போதகரின் புத்தகம், உங்கள் அட்டை, தமிழ் ஸ்லைடு, ஆங்கில ஸ்லைடு, நான்கிலும் திருத்துங்கள். ஸ்லைடு போடும் பையனிடம் போன வருடக் கோப்பு இருக்கும், அதை அழிக்கச் சொல்லுங்கள்.