மறுமொழி: அப்லவுட், உம்லவுட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களுக்கு,

> இரண்டும் உயிரெழுத்து மாறுவதுதானே? 'உயிர்மாற்றம்' என்ற ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளைப் பல்கலைக்கழகத்தில் எடுத்துப் படிப்பவர் தொடக்கத்திலேயே பிரித்தறிய வேண்டியவை அப்லவுட் (Ablaut), உம்லவுட் (Umlaut) என்ற இந்த இரண்டு உயிர்மாற்றங்களும். ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1819 முதல் வெளியிட்ட ஜெர்மன் இலக்கணத்தின் வழியாகத்தான் இவற்றின் தனித்தனிப் பெயர்கள் மொழியியலில் வேரூன்றின. அவற்றைத் தமிழில் நாம் ஒன்றாக்கினால் மாணவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

அப்லவுட்டில், வினையின் காலம் மாறும்போது வேரின் உயிர் மாறுகிறது. ஆங்கிலத்தில் ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்; ஜெர்மனில் ட்ரிங்கன், ட்ராங்க், கெட்ருங்கன். அடுத்து என்ன ஒலி வருகிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜெர்மானியக் கிளை பிரியும் முன்பே, இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலேயே இருந்த முறை இது. 'விடு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையின் லெய்ப்போ, லெலொய்ப்பா, எலிப்பொன் என்ற வரிசையும் அதே வழியில் வந்ததுதான்.

இதற்கு 'முதனிலைத் திரிபு' என்பது என் பரிந்துரை. படு–பாடு, கெடு–கேடு, பெறு–பேறு ஆகியவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நம்முடையதில் குறில் நெடிலாவதோடு சரி, அங்கே உயிரே வேறாகிறது. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் விளக்கிவிடலாம். சொல்லைக் கைவிட அது காரணமாகாது.

> உம்லவுட்டை அப்படியே ஒலிபெயர்த்து எழுதினால் என்ன குறை?

ஒலிபெயர்த்தால் பலருக்கு எழுத்தின் மேலுள்ள இரு புள்ளிகள்தான் நினைவுக்கு வரும். கையெழுத்தில் உயிரின் தலைமேல் சிறிதாக எழுதிய 'e' எழுத்து தேய்ந்து உருவான குறி அது. குறிக்கு 'இருபுள்ளி' என்று தனிப்பெயர் இருக்கட்டும். நாம் பெயர் தேடுவது ஒலியில் நடந்த மாற்றத்துக்கு, அதாவது பின்னால் வரும் ஒலியின் ஈர்ப்பில் முன்னுள்ள உயிர் மாறுவதற்கு. புள்ளியே இல்லாத ஆங்கிலத்திலும் அது நடந்திருக்கிறது: ஃபுட்–ஃபீட், மவுஸ்–மைஸ். காலுக்கான பன்மையின் கடைசியில் ஒரு காலத்தில் இகரம் இருந்தது. அது முன்னிருந்த ஓகாரத்தைத் தன் பக்கம் இழுத்து ஏகாரமாக்கிவிட்டு, பிறகு தானே மறைந்துபோனது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை ஃபோட், பன்மை ஃபேட்.

வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்திக்கைப் படிக்கும்போது இது இன்னும் தெளிவாகும். 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் அம்மொழியில் மொழிபெயர்த்த விவிலியத்தில் இந்த மாற்றத்தின் சுவடே இல்லை. விருந்தினர் என்பதற்கு அங்கே ஒருமை காஸ்ட்ஸ், பன்மை காஸ்டீஸ், அகரம் அசையவில்லை. இன்றைய ஜெர்மனின் முன்வடிவமான பழைய உயர்ஜெர்மனிலோ காஸ்ட், கெஸ்டி.

ஆக, மாற்றத்தின் காரணம் பின்னால் வரும் ஒலி. நிலைமொழி, வருமொழி என்ற நம் இலக்கண வழக்கை ஒட்டி முதலில் 'வருமுயிர்த் திரிபு' என்று யோசித்தேன். ஆனால் யகரமும் இதைச் செய்யும். 'வை' என்ற பொருளுள்ள கோத்திக்கின் சட்யனுக்கு இனமான சொற்கள்தான் ஆங்கிலத்தின் செட், ஜெர்மனின் செட்சன். யகரத்தை உயிர் என்று சொல்ல முடியாதே. எனவே 'வருமொலித் திரிபு' என்பதே பொருந்தும். உட்பிரிவுகளுக்கும் வசதி: இகரத் திரிபு, உகரத் திரிபு, அகரத் திரிபு. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் டக்ர் என்றால் நாள். நான்காம் வேற்றுமைப் பன்மை டொகும். அது உகரத் திரிபு.

அகரத் திரிபு நம் பேச்சிலேயே இருக்கிறது. இடம் 'எடம்' ஆகிறது, குடம் 'கொடம்' ஆகிறது. ஆனால் இடி 'எடி' ஆவதில்லை, குடி 'கொடி' ஆவதில்லை. பின்னால் அகரம் வந்தால்தான் முன்னுயிர் தாழும். ஜெர்மானிய மொழிகளிலும் இதே வகை மாற்றம் உண்டு. பொன்னைக் குறிக்கும் கோல்ட் என்ற சொல்லில் உள்ள ஒகரம், மூலத்தில் உகரமாக இருந்தது. தமிழ் மாணவருக்கு வருமொலித் திரிபை 'எடம்', 'கொடம்' கொண்டே தொடங்கிவைக்கலாம். இந்த வாய்ப்பை ஒலிபெயர்ப்பு மறைத்துவிடும்.

> இன்று ஃபீட் என்ற சொல்லில் வருமொலி எங்கே இருக்கிறது?

இல்லைதான். ஆனால் இந்தப் பெயர் மாற்றம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்கிறது. இன்றைய ஜெர்மனில் அது பன்மையைக் காட்டும் கருவியாகிவிட்டதை அந்தப் பாடத்தில் தனியே சொல்லிக்கொள்ளலாம்.

கிரிம் பெயரிட்ட வலிய வினைகளையும் (உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டுபவை) மெலிய வினைகளையும் (விகுதி சேர்த்துக் காட்டுபவை) இதே இழையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வல்வினை, மெல்வினை என்ற பெயர்களைத் தமிழ் வினைகளுக்கே வேறு பொருளில் ஆள்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குவோம். முதனிலைத் திரிபு, வருமொலித் திரிபு இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

அன்புடன்.